உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது

மகள் போன பிறகு வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே ஸ்கேனரைத் தரையில் போட்டு உடைத்தேன்.

எனக்கு வேலை சாங்கி விமான நிலையத்தில், சரக்குக் கிடங்கு ஒன்றில். வந்து இறங்கும் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஸ்கேனரைக் காட்ட வேண்டும். சரியாகப் படித்துவிட்டால் அது ‘பீப்’ என்று குரல் கொடுக்கும். பல வருடங்களாக நாள் முழுவதும் கேட்ட சத்தம்தான். கேட்கிறது என்றே தோன்றாத அளவுக்குப் பழகிப்போயிருந்தது. அன்று காலை முதல் பெட்டியில் காட்டினேன். பீப் என்றது. கையிலிருந்த ஸ்கேனரைக் கீழே போட்டுவிட்டு நான் திரும்பி ஓடினேன். எங்கே ஓடுகிறேன் என்று தெரியவில்லை. நாலடி போன பிறகுதான் இது மருத்துவமனை இல்லை என்று உறைத்தது.

மகளுக்கு ரத்தப் புற்றுநோய். பாலிடெக்னிக்கில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு கம்பியில், மருந்தேற்றும் பம்ப் மாட்டியிருக்கும். மருந்து தீர்ந்தால் அது கத்தும். குழாய் மடங்கினால் கத்தும். அவள் கையை மடக்கித் தூங்கினாலும் கத்தும். நான் எழுந்து ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிடுவேன். மகள் கண்ணைத் திறக்காமலே, “மம்மி, ரிலாக்ஸ் லா. அதுக்கு என்னைவிட வாய் ஜாஸ்தி,” என்பாள். கடைசி மாதங்களில் எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது. அது கத்தினால் செய்வதற்கு ஏதோ ஒன்று இருந்தது. பிறகு ஒரு நாள் காலையில் நர்ஸ் ஒருத்தி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், பம்பை நிறுத்தினாள்.

கிடங்கில் எங்கள் மேற்பார்வையாளர் ஒரு மலாய்க்காரர். உடைந்த ஸ்கேனரைக் குனிந்து பொறுக்கியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா என்பதற்கான மலாய்ச் சொல்லையும் தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லையும் வைத்துக்கொண்டு, “கக், உக்காரு, உக்காரு,” என்று ஒரு பெட்டியின் மேல் என்னை உட்கார வைத்தார். மறுநாள் சத்தத்தை அணைத்து, படித்ததும் கைக்குள் அதிரும்படி மாற்றிய ஒரு ஸ்கேனரைக் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் கிடங்கு முழுக்க மற்றவர்களின் ஸ்கேனர்கள் கத்திக்கொண்டுதான் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் பார்த்தேன். ராத்திரியில் தூக்கம் இல்லை. அழுகையும் இல்லை. மண்டாய் தகனச்சாலையில் அவள் பெட்டி உள்ளே போனபோதுகூட நான் அழவில்லை. என் நாத்தனார் அதைக் கவனித்து வைத்துக்கொண்டார் என்பது பிறகு தெரிந்தது.

கம்பெனி என்னை ஒரு ஆலோசகரிடம் அனுப்பியது. சீனப் பெண், என் மகளைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். நான் பேசவில்லை. ஆங்கிலத்தில் எனக்கு இந்த விஷயத்துக்கு வார்த்தை இல்லை என்று சொன்னேன். தமிழிலும் இல்லை என்பதைச் சொல்லவில்லை. சில முறை என்னை வரவழைத்துவிட்டு, கடைசியில் அவள் ஒரு முகவரி எழுதிக் கொடுத்தாள். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழர்கள் சிலர் கூடிப் பறை அடிக்கிறார்கள், துக்கத்தில் இருப்பவர்களும் உடம்பு தேறாதவர்களும் வருகிறார்கள், பேச வேண்டிய கட்டாயம் இல்லை என்றாள். நான் போனதற்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் காரணம்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மசாலா அரைக்கும் கடைக்கு மேல் மாடி. மற்ற நாட்களில் அங்கே நடன வகுப்பு நடக்கும். சுவர் முழுக்கக் கண்ணாடி. நான் போனபோது பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். குழுவை நடத்தியவள் இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு இளம்பெண். வாரநாட்களில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். காற்றின் ஈரத்தில் பறையின் தோல் தொய்ந்துவிடும், நெருப்பில் காட்டித்தான் முறுக்கேற்ற வேண்டும். அந்தக் கட்டடத்தில் நெருப்புக்கு அனுமதி இல்லாததால் அவள் தலைமுடி காயவைக்கும் டிரையரை வைத்துத் தோலைச் சூடுபண்ணிக்கொண்டிருந்தாள்.

“ஆண்ட்டி, இங்க யாரும் கச்சேரி பண்ணப் போறதில்ல,” என்றாள். “கை வலிக்கிற வரைக்கும் அடிங்க. வலிச்சா நிறுத்திடுங்க. அவ்வளவுதான் லா.”

தோளில் பறையை மாட்டி, வலது கையில் தடித்த சிறு குச்சியையும் இடது கையில் நீளமான மூங்கில் குச்சியையும் கொடுத்தாள். அடித்தேன். என்னைப் பார்த்து எனக்கே சிரிப்பு வரும் என்று நினைத்தேன், வரவில்லை. உள்ளே எதுவும் திறக்கவில்லை, எதுவும் கரையவில்லை. தோள் வலித்தது, விரலில் கொப்புளம் வந்தது. எல்லோரும் சேர்ந்து அடிக்கும்போது அந்தச் சின்ன அறை இரைச்சலால் நிரம்பி, கண்ணாடி அதிர்ந்து, அதில் தெரிந்த எங்கள் உருவங்கள் கலங்கின. ஒரு மணி நேரம் கழித்துக் கீழே இறங்கி, எங்கள் வீடு இருக்கும் தெம்பனிஸுக்குப் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். கண் விழித்தபோது பேருந்து முனையத்தில் நின்றிருந்தது. ஓட்டுநர் என் முன்னால் நின்று இருக்கையைத் தட்டிக்கொண்டிருந்தார். பல மாதங்களில் நான் தூங்கிய முதல் தூக்கம் அது.

அந்தத் தூக்கத்துக்காகத்தான் அடுத்த வாரமும் போனேன். அறை முழுக்கப் பறை முழங்கும்போது வேறு எந்தச் சத்தத்துக்கும் அங்கே இடம் இல்லை. பம்புக்கும் இல்லை.

பேருந்து ஓட்டுநர் என்றதும் சொல்ல வேண்டும், என் கணவரும் அதே வேலைதான். மகள் போன பிறகு அவர் கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில் இருக்கும் நேரத்தில் டிவி பார்த்தார். மகளின் பெயரை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போகிறேன் என்று தெரிந்ததும் முதல் முறையாகக் கோபப்பட்டார்.

“வீட்ல இப்படி நடந்து எத்தன நாளாச்சு? நீ போய் மேளம் அடிச்சிட்டு வர்றியா?”

“அங்க போனாத்தான் எனக்குத் தூக்கம் வருது.”

“தூக்கம் வரலன்னா டாக்டர்கிட்ட போ. எங்க அக்கா கேக்கறாங்க, அது சாவுக்கு அடிக்கிற மேளமாச்சே, நம்ம வீட்டுப் பொம்பள அதப் போய்த் தொடறதான்னு.”

“நம்ம வீட்ல சாவுதானே விழுந்திருக்கு?” என்றேன்.

அவர் எழுந்து டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

மாடி அறையில் எனக்குப் பக்கத்தில் எப்போதும் ஒருவன் நிற்பான். அரியலூர்ப் பக்கத்துக்காரன், முப்பத்தைந்து வயது இருக்கலாம். கப்பல் பட்டறையில் வேலை, பூன் லே பக்கம் ஒரு தங்குவிடுதியில் இருந்தான். எங்கள் குழுவிலேயே மோசமாக அடிப்பவன் அவன்தான். எல்லோரும் அடித்து முடித்த பிறகு அவன் பறை தனியாக ஒரு ‘டம்’ போடும்.

“அண்ணே, நீங்க லேட்டு,” என்பாள் குழுவை நடத்தும் பெண்.

“இல்ல மேடம். நீங்கல்லாம் சீக்கிரம்,” என்பான்.

அவனுக்குக் காது கேட்காது. வருடக்கணக்காக இரும்பைச் சுரண்டும் இயந்திரங்களுக்கு நடுவில் நின்று, இடது காது முழுதாகப் போய்விட்டது, வலது காதில் கொஞ்சம் மிச்சம். அதனால் எப்போதும் கத்தித்தான் பேசுவான். ரயிலில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களாம். கேட்காத காதுக்குள் ஓயாமல் ஒரு விசில் அடித்துக்கொண்டிருக்கிறது, படுத்தால் இன்னும் பெரிதாகக் கேட்கிறது என்று சொன்னான்.

“இங்க அடிக்கிறப்ப மட்டும்தாங்க்கா அது கேக்கறதில்ல. நெஞ்சுல அதிருது பாருங்க, அதுல விசில் செத்துப்போயிருது. அதுக்குத்தான் வாரேன். எனக்கெங்க தாளம் வருது?”

எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எந்தச் சத்தம் என்று கேட்பான். சும்மா தலையை ஆட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அடித்து முடித்துக் கீழே வந்து, சந்து முனைக் கடையில் டீ வாங்கிக்கொண்டு நின்றோம். ஞாயிறு மாலையில் தேக்கா எப்படி இருக்கும் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். நடைபாதை நிறைய ஆட்கள், புல்திடலில் ஆட்கள், ஊருக்குப் போன் பேசும் ஆட்கள். லாரிகள் ஆட்களை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. அவன் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு சின்னப் பெண், முன்பல் இல்லை.

“எம் பொண்ணு. ஒண்ணாப்பு. உங்களுக்கு எத்தன புள்ளைங்கக்கா?”

அந்தக் கேள்விக்கு நான் எப்போதும் பயந்துகொண்டிருந்தேன். “ஒரு பொண்ணு,” என்றேன்.

“என்ன படிக்குது?”

“இல்ல,” என்றேன். “போயிட்டா.”

“எங்க? வெளிநாட்டுக்கா?”

“இல்லப்பா. தவறிட்டா.”

“என்னக்கா? கேக்கல.” அவன் தலையைத் திருப்பி வலது காதை என் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். “இந்தப் பக்கம் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா.”

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. நான் மூச்சை இழுத்துக்கொண்டு அந்தக் காதுக்குள் கத்தினேன். “செத்துப்போயிட்டா! என் பொண்ணு செத்துப்போயிட்டா!”

டீக்கடை வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். எதிர்ப்பக்கத்தில் போன் பேசிக்கொண்டிருந்த ஒருவன் போனைக் கீழே இறக்கினான். அவளைப் பற்றி அந்த வார்த்தையை அதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. போயிட்டா, இல்ல, விட்டுட்டுப் போயிட்டா, சாமிகிட்ட போயிட்டா. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சுற்றி வளைத்துத்தான் சொன்னார்கள். நானும் அப்படித்தான். இவனிடம் அதெல்லாம் எடுபடவில்லை. முழு வார்த்தையாக, உரக்கச் சொன்னால்தான் அவனுக்குக் கேட்கும்.

அவன் காதை எடுக்கவில்லை. “எப்படிக்கா?”

“ரத்தத்துல கேன்சர்!”

“எத்தன வயசு?”

“இருபது!”

“கூடவே இருந்தீங்களா?”

“இருந்தேன்! கையப் பிடிச்சிட்டே இருந்தேன்!”

அவன் நிமிர்ந்தான். கையிலிருந்த டீயைக் குடிக்காமல் சாக்கடையில் ஊற்றிவிட்டு, “வாங்க, பஸ் ஸ்டாப் வரைக்கும் வாரேன்,” என்றான்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அவன் காதில் கொஞ்சம் கத்தினேன். பம்பைப் பற்றிச் சொன்னேன். முடி கொட்டியபோது அவளே மழித்துக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து, “பழனிக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கு மம்மி,” என்று சொன்னதைச் சொன்னேன். கடைசி வாரத்தில் என்னை அடையாளம் தெரியாமல் நர்ஸ் என்று நினைத்துக்கொண்டு நன்றி சொன்னதைச் சொன்னேன். நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்து ஒரு முறை போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, “எவ்ரிதிங் ஓகே?” என்று கேட்டார். அவன், “ஓகே சார், எனக்குக் காது ப்ராப்ளம்,” என்று அவரிடமும் கத்தினான். தன்னைப் பற்றி அவன் அதிகம் சொன்னதில்லை. ஊருக்குப் போனால் பொண்ணு பேசுவது கேட்காதே என்று ஒரு முறை சொன்னான். வீடியோவில் பேசும்போது மனைவி வாயசைப்பதைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்கிறானாம்.

பிறகு ஒரு ஞாயிறு அவன் வரவில்லை. ஓவர்டைம் இருக்கும் என்று நினைத்தோம். பாதியில் படியேறி ஒரு ஆள் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். எல்லோரும் அடிப்பதை நிறுத்தும் வரை காத்திருந்தார். அவனுடைய அறைத் தோழர்.

“வெள்ளிக்கிழம காலைல எழுப்பினோம். எந்திரிக்கல,” என்றார். “அலாரம் அடிச்சிட்டே இருந்துச்சு. அவனுக்குத்தான் கேக்காதே, நாங்கதான் தெனம் தட்டி எழுப்புவோம். தட்டினா ஒடம்பு சில்லுன்னு இருக்கு.”

தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டதாம். மருத்துவமனையில் பார்த்து முடித்துவிட்டார்கள், கம்பெனி காகித வேலையெல்லாம் செய்கிறது, இரண்டொரு நாளில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். குழுவை நடத்தும் பெண் அவரை உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. இன்னும் சிலரிடம் சொல்ல வேண்டும் என்று இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அன்று யாரும் அடிக்கவில்லை. பறைகளை அடுக்கி வைத்துவிட்டுக் கலைந்தோம்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து, காலணியைக் கழற்றக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். வாயை மூடிக்கொண்டு அழ முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்க்கும் அளவுக்குச் சத்தம் போட்டு அழுதேன். கணவர் ஓடி வந்து உள்ளே இழுத்து, தண்ணீர் கொடுத்து, என்ன, என்ன என்று கேட்டார். சொன்னேன். என்னோடு பறை அடிக்கும் பையன், கப்பல் பட்டறைக்காரன், செத்துப்போயிட்டான் என்றேன். அவன் காதில் மகளைப் பற்றிக் கத்திச் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

அவர் கையில் தண்ணீர்க் குவளையோடு அப்படியே நின்றார்.

“பொண்ணுக்கு ஒரு சொட்டு அழல நீன்னு அக்கா அப்பவே சொன்னாங்க,” என்றார். “எவனோ ஒருத்தனுக்கு அழறே.”

“அவனுக்கு மட்டும் இல்லங்க...”

“ரோட்ல நின்னு அவன் காதுல கத்துனியே. இந்த வீட்ல நானும் ரெண்டு காதோடதானே இருக்கேன்? என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இருட்டிய பிறகு வந்து, தானே போட்டுச் சாப்பிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

சவப்பெட்டிகளும் சரக்கு முனையம் வழியாகத்தான் போகும். இது வெளியில் பலருக்குத் தெரியாது. பூக்களும் மீனும் மருந்தும் போகிற அதே விமானத்தில், வேறொரு வாசல் வழியாக வந்து, முறைப்படி எடை போட்டு, அவர்களும் போவார்கள். எங்கள் பிரிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நான் மேற்பார்வையாளரிடம் போய், இந்த வாரம் திருச்சிக்குப் போகும் பெட்டியில் இருப்பவன் எனக்குத் தெரிந்தவன் என்றேன். அவர் அந்தப் பிரிவுக்குப் போன் செய்து கேட்டு, நேரம் பார்த்து, தானே என்னை அழைத்துக்கொண்டு போனார்.

மரப்பலகை அடித்த பெட்டி. அதன் மேல் ஒரு ஸ்டிக்கர். அதில் பெயர், எடை, எந்தப் பக்கம் தலை என்பதற்கு ஒரு அம்புக்குறி. வழியனுப்பப் பறை அடிக்க முடியாவிட்டாலும் விரலால் பெட்டியின் மேல் நாலு தட்டாவது தட்டிவிட்டு வா என்று குழுவில் யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். என்னால் தட்ட முடியவில்லை. அது மரமாக இருந்தது, அவ்வளவுதான். போர்க்லிப்ட் ஓட்டும் சீனப் பெரியவர் என்னைப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் வலது பக்கமாகப் போய் நின்றேன். அம்புக்குறியை வைத்துத் தலை எங்கே, அந்த வலது காது எங்கே என்று கணக்குப் பண்ணி, குனிந்து, “போய்ட்டு வாப்பா,” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கத்த முடியாத இடம் அது. பெரியவர் எஞ்சினைப் போட்டார். பெட்டி போயிற்று.

அடுத்த ஞாயிறு எல்லோரும் வந்திருந்தோம். அறைத் தோழரும் வந்தார். ஊரில் அடக்கம் முடிந்துவிட்டது, மனைவி ஒன்று கேட்டிருக்கிறாள் என்று சொன்னார். இங்கே ஞாயிற்றுக்கிழமையானால் பறை அடிக்கப் போவேன் என்று அவன் அவளிடம் சொல்லியிருக்கிறான், அவள் நம்பவே இல்லையாம். அது என்னவென்று ஒரு முறை பார்க்க வேண்டும் என்றாளாம். வீடியோவில் கூப்பிட்டு, போனை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தார். சின்னத் திரையில் ஒரு முகம். அழுது வீங்கி, வயது தெரியாமல் போன முகம். பின்னால் யாரோ சாப்பாட்டுப் பாத்திரம் கழுவும் சத்தம்.

குழுவை நடத்தும் பெண் குச்சியை எடுத்தாள். நாங்கள் எல்லோரும் அடித்தோம். அவனுக்காக அடிக்கிறோம் என்ற நினைப்பில் என்றைக்கும் இல்லாத வேகத்தில் அடித்தோம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதுதான் சரி, அவனுக்குச் செய்ய வேண்டியது இதுதான் என்று தோன்றியது. திரையைப் பார்த்தேன். அவள் ஒரு கையால் காதை மூடிக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது. நான் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினேன்.

“போதுங்க்கா,” என்று கேட்டது. “நிறுத்தச் சொல்லுங்க. இங்க ரெண்டு நாளா வாசல்ல இதத்தான் அடிச்சாங்க. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. தாங்கல.”

அறையில் யாரும் அசையவில்லை. குழுவை நடத்தும் பெண் கீழே பார்த்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது. எங்களைத் தூங்க வைத்த சத்தம் அங்கே ஒருத்தியின் தூக்கத்தைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது என்று அதுவரை எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

நான் போய் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். “மன்னிச்சிரும்மா. உனக்கு என்ன வேணும், சொல்லு.”

“அவரு அங்க நல்லா அடிப்பாராக்கா?” என்றாள்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். “இல்லம்மா. இருக்கறதுலயே மோசமா அடிக்கிறவன் அவன்தான்.”

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாது. “தெரியும்க்கா. கோயில் கும்மியில கைதட்டக்கூட வராது அவருக்கு. இன்னும் சொல்லுங்க. வேற என்ன பண்ணுவாரு?”

பறைகளை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒவ்வொருவரும் சொன்னார்கள். நீங்கல்லாம் சீக்கிரம் என்று அவன் சொல்வது. பல் விழுந்த மகளின் படத்தை எல்லோரிடமும் காட்டுவது. அறைத் தோழர், அவன் சமைத்தால் உப்புப் போட மறப்பான் என்றார். நான் போலீஸ்காரர் கதையைச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் “ம்” கொட்டினாள். கடைசியில், “அவருக்கு இவ்வளவு பேர் இருந்தீங்களா?” என்று மட்டும் கேட்டாள். அது நிம்மதியில் கேட்டதா, ஆற்றாமையில் கேட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரோ கூப்பிட்டார்கள், அவள் போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு சிலர் குழுவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். நான் போகிறேன். பறை என்னைக் குணப்படுத்திவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மகள் இல்லாத வீடு அப்படியேதான் இருக்கிறது. அவன் மனைவிக்கு மாதம் ஒரு முறையாவது போன் செய்கிறேன். அவள் தையல் வேலைக்குப் போகிறாள். சில நாள் பேசுவாள், சில நாள் எடுக்க மாட்டாள்.

கணவரிடம் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கத்திப் பழகிவிட்ட விஷயத்தைச் சாதாரணக் குரலில், ஒரே கட்டிலில் படுப்பவரிடம் சொல்ல எனக்கு வரவில்லை. சில மாதங்கள் இப்படியே போயின. இருவருக்கும் சேர்ந்து ஓய்வு கிடைத்த ஒரு காலையில், கடற்கரைக்குப் போகலாமா என்று அவரே கேட்டார். சாங்கிக் கடற்கரையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். தண்ணீர் வற்றியிருந்தது. தலைக்கு மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு விமானங்களுக்கு நடுவில் கிடைத்த அமைதியில், நான் மகளின் பெயரைச் சொன்னேன். அவள் செத்துப்போன அன்று காலையில் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். மூச்சு மாறியது, நர்ஸ் வந்தது, நான் அவருக்குப் போன் செய்தது.

“நீங்க வரேன்னு சொன்னீங்க,” என்றேன். “ஆனா ரொம்ப நேரம் வரல.”

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நீ போன் பண்ணப்ப ஒரு ஸ்டாப்ல நின்னுட்டு இருந்தேன்,” என்றார். “கண்ட்ரோலுக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அங்கேயே இறங்கச் சொல்லியிருப்பாங்க. டாக்ஸி பிடிச்சு வந்திருக்கலாம். நான் சொல்லல.”

“ஏன்?”

“வண்டிய நிறுத்தினா அது நடந்திரும்னு தோணுச்சு. ஓட்டிட்டே இருந்தா நடக்காதுன்னு. பைத்தியக்காரத்தனம் லா, தெரியுது. ஸ்டாப் ஸ்டாப்பா நின்னேன். ஆளுங்க ஏறுனாங்க, இறங்குனாங்க. ஒரு ஸ்கூல் பொண்ணு தேங்க் யூ அங்கிள்னு சொல்லிட்டு இறங்குச்சு. நானும் பாத்துப் போம்மான்னேன். இன்டர்சேஞ்சுக்குள்ள போய், வண்டிய கரெக்டா கோட்டுக்குள்ள நிறுத்திட்டு, அதுக்கப்புறம் எழுந்திரிக்கப் பாத்தா கால் வரல. ரெண்டு பேர் பிடிச்சு இறக்குனாங்க.”

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் அக்காவிடமும் இல்லை.

தலைக்கு மேல் ஒரு விமானம் வந்தது. அவர் வாய் அசைந்தது, கேட்கவில்லை. நான் அவர் பக்கம் நெருங்கி உட்கார்ந்து, “என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன். விமானம் போகும் வரை பொறுத்திருந்துவிட்டு அவர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பாதையில் எந்த ஸ்டாப்பில் யார் ஏறினார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். வெயில் ஏறும் வரை சொன்னார்.